மூடிய டிரக்குக்குள் புழுதி ஏன்?

அமெரிக்காவில் பிக்கப் டிரக்கின் சரக்குத் தொட்டிக்கு மேல்மூடி போட்டவர்களும் புலம்புவதுண்டு: உள்ளே புழுதி, மழை பெய்தால் ஈரம். பெரும்பாலும் குற்றவாளி மூடியல்ல, பின்கதவு. அது உரசாமல் திறந்து விழ வேண்டுமே என்று பக்கங்களிலும் அடியிலும் இடைவெளி விட்டே செய்கிறார்கள்.

வண்டி முன்னால் போகிறது, புழுதி பின்னாலிருந்து எப்படி வரும்? காற்றைப் பிளந்து ஓடும் வண்டியின் முதுகுக்குப் பின்னே அழுத்தம் குறைந்து, காற்று சுழல்கிறது. சக்கரம் கிளப்பிய புழுதி அந்தச் சுழலில் சிக்கி, கதவிடுக்கில் நுழைந்துவிடுகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய மருந்து, கதவிடுக்கில் ஒட்டும் ஈ.பி.டி.எம். ரப்பர் பட்டை. நடுவில் குழல்போல் வெற்றிடம் இருப்பதால் கதவு அழுத்தும்போது நசுங்கி, மேடுபள்ளத்தோடு படிந்துகொள்ளும். சாதாரண ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் கடித்து வெடிப்பு விழச் செய்யும். ஈ.பி.டி.எம்.மின் முதுகெலும்புச் சங்கிலியில் அவை இல்லை.

சொதப்புவது ஒட்டுவதில்தான். மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் போக ஒட்டும் இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். குளிரில் பசை விறைத்து உலோகத்தில் பரவாது; வெதுவெதுப்பான நாளாகப் பாருங்கள். பட்டையை இழுத்து ஒட்டினால் பிறகு சுருங்கி மூலையில் வாய் பிளக்கும். (அவசரக்காரர்கள் எல்லோரும் செய்வது இதுதான்.)

தொட்டியின் வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். எப்படியும் கொஞ்சம் நீர் வரும், அது போக வழி வேண்டும். ஒட்டி முடித்ததும் ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் அந்த இடத்தில் பட்டை போதவில்லை.