உருக்கின் துருவும் கொங்கிறீற்றின் வெடிப்பும்

கொங்கிறீற்று நெருக்கும் விசையைப் பெரிதும் தாங்கும். இழுக்கும் விசைக்கோ எளிதிற் பிளந்துவிடும். தூண்களிற் கிடக்கும் வளையொன்று சுமையேற்குங்கால் அதன் மேற்புறம் நெருக்குண்ண, கீழ்ப்புறம் இழுபடுகின்றது. ஆகவே கீழ்ப்புறத்தில் உருக்குக் கம்பிகளைப் புதைத்து வலியூட்டுவர். பிரான்சு நாட்டுத் தோட்டக்காரரான யோசேப்பு மொனியர் இரும்பு பொதிந்த பூந்தொட்டிகளுக்கு 1867 ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்றார். வெப்பத்தால் இவ்விரு பொருள்களும் ஏறக்குறைய ஒரே அளவாய் விரிதல் இக்கூட்டுறவு நிலைத்தற்கு ஏதுவாயிற்று.

ஈரத்திற் கெடும் உருக்கு, ஈரத்தை உறிஞ்சும் கொங்கிறீற்றினுள்ளே துருப்பிடியாதிருப்பது எங்ஙனம்? சீமெந்து நீருடன் சேருங்கால் கல்சியமைதரொட்சைட்டு என்னும் காரம் தோன்றுகின்றது. அதனால் உள்ளிருக்கும் ஈரத்தின் பீ. எச். பெறுமானம் 12 இற்கு மேற்படும். இக்காரச் சூழலிலே கம்பியின்மேல் நுண்ணிய ஒட்சைட்டுப் படலமொன்று படிந்து அதனைக் காக்கும்.

இக்காப்பு இரு வழிகளால் அழிகின்றது. வளியிலுள்ள காபனீரொட்சைட்டு நுண்டுளைகளூடே புகுந்து, காரத்தைக் கல்சியங் காபனேற்றாக மாற்றும். பெறுமானம் 9 அளவிற்குத் தாழுமிடத்துப் படலம் நிலைகெடும். மற்றையது உப்பிலுள்ள குளோரைட்டு; காரம் குன்றாதவிடத்தும் அது படலத்தைத் துளைக்கவல்லது. கழுவாத கடல்மணலும் உவர்நீரும் இவ்வேலைக்கு ஆகாவென விலக்கப்படுதல் இதுபற்றியே.

துருவானது, தான் தோன்றுதற்கு அழிந்த உருக்கினும் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை வேண்டிநிற்கும். இடம் பெறாத துரு, சூழ்ந்த கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கின்றது. வளையின் கீழ்க்கம்பிகளைப் பொறுத்தவரை, சுமையால் வளைதலின் உண்டாகும் வெடிப்புகள் கம்பிக்குக் குறுக்காக ஓடும்; துருவால் உண்டாவன கம்பியின் வழியே நெடுக ஓடும். கட்டடங்களைப் பேணுவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும். நெடுக ஓடும் வெடிப்பைச் சாந்து பூசி மூடுவது நோயை மறைப்பதன்றித் தீர்ப்பதன்று. உள்ளே கம்பி மெலிந்துகொண்டே போகும்.

இவ்வெடிப்பு ஒரு முன்னறிவித்தலாகும். எல்லா அமைப்புகளும் அதனைத் தருவதில்லை. வேல்சு நாட்டு இனிசிகுவாசுப் பாலம், முன்னிழுத்த உருக்கு வடங்கள் பொருத்துகளில் அரிப்புண்டமையால், 1985 இல் யாதோர் அறிகுறியுமின்றி வீழ்ந்தது. அறிகுறி காட்டும் வளையோ திருத்துதற்குக் காலம் தருகின்றது. அக்காலத்தைப் பயன்படுத்துவோர் பழுதுற்ற பகுதியைக் களைந்து, கம்பியைத் துலக்கி, மெலிந்ததற்கு ஈடுசெய்து, புதிய கொங்கிறீற்றால் மூடுவர். ஆயினும் தலையாய காப்பு, கட்டும் நாளிலேயே நீரை அளவோடு கலந்து, இறுகச் செறித்து, கம்பியின் புறத்தே சில சென்ரிமீற்றர் தடிப்புள்ள போர்வையைக் குறையாது விடுதலேயாம்.