அபாயம் வேறு, அருமை வேறு

நம் ஏரிக்கரைகளிலும் நெற்கழனிகளிலும் எவரும் நின்று பாராமலே கடந்து போகிற பெரிய வெண்கொக்கு, நியூஸிலாந்து தேசத்தில் இரண்டு டாலர் நாணயத்தில் பொறிக்கப்படும் அளவுக்கு அபூர்வமான பறவை. மாவோரி மக்கள் கோட்டுகு என்று அழைக்கும் அப்பறவை, தென்தீவின் மேற்குக் கரையில் ஒகாரிட்டோ என்ற சிற்றூருக்கு அருகே, ஒரே ஓர் ஆற்றங்கரைக் காட்டில் மட்டுமே கூடு கட்டுகிறது. உலகம் முழுவதையும் ஒருசேர நோக்குகிற சர்வதேசச் சிவப்புப் பட்டியல் அதனைப் பற்றிக் கவலைப்பட ஏதுமில்லை என்று சொல்ல, நியூஸிலாந்தின் சொந்தப் பட்டியலோ அழிவுக்கு மிக அண்மையில் நிற்பவற்றின் முதல் வரிசையில் அதனை நிறுத்தியிருக்கிறது. இரண்டு தீர்ப்பும் உண்மையே. கேட்கப்பட்ட கேள்விகள்தாம் வெவ்வேறு.

ஏறத்தாழ எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்ற பெருநிலத்திலிருந்து பிரிந்து சென்ற அந்தத் தீவுகளில், மனிதர் வந்தபோது வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இருக்கவில்லை. ஆகவே பறவைகள் பல பறத்தலையே மறந்து, தரையில் கூடு கட்டி, அச்சமென்பதை அறியாமல் வாழ்ந்து வந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டையொட்டி மாவோரிகளின் முன்னோர் வந்தபோது அவர்களுடைய படகுகளில் எலியும் நாயும் வந்தன. பின்னர் ஐரோப்பியர் கப்பல்களில் வேறு எலிகளும் பூனைகளும் வந்தன. முயல்களின் பெருக்கத்தை அடக்குவதற்கென்று 1880-களில் வரவழைக்கப்பட்ட ஸ்டோட் என்னும் சிறிய ஊனுண்ணி, முயல்களோடு நில்லாமல் கிவிப் பறவையின் குஞ்சுகளையும் வேட்டையாடத் தொடங்கிற்று. இவ்விதம் எஞ்சிய ஜீவராசிகளுள் எதனைக் காப்பது, எதற்கு முதலில் விரைவது என்ற வினா அத்தேசத்தின் சர்க்காருக்கு அன்றாட விஷயமாகிவிட்டது.

1990-களின் தொடக்கத்தில் அங்குள்ள இயற்கைப் பாதுகாப்புத் துறை வகுத்த முறையில், ஓர் உயிரினம் எவ்வளவு அபாயத்தில் இருக்கிறது என்பதோடு, அதன் வம்சம் எவ்வளவு தனித்தன்மை வாய்ந்தது, மக்கள் அதனை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பனவும் சேர்த்தே மதிப்பெண்ணாகக் கணக்கிடப்பட்டன. நோக்கம் நல்லதே, ஆனால் ஆபத்தின் அளவும் அன்பின் அளவும் ஒரே கூட்டுத்தொகையில் கலந்தபோது, கிடைத்த எண் எதனைக் குறிக்கிறது என்று பிரித்தறிய இயலாது போயிற்று. 2002-இல் வெளிவந்து 2008-இல் திருத்தப்பெற்ற புதிய முறை, அபாயத்தை மட்டும் அளப்பது என்று தன் எல்லையைத் தானே குறுக்கிக்கொண்டது. அந்தக் குறுக்கமே அதன் சிறப்பு.

பறவைகளுக்கு ஒன்று, பல்லிகளுக்கு ஒன்று, நன்னீர் மீன்களுக்கு ஒன்று, பூக்கும் தாவரங்களுக்கு ஒன்று என நிபுணர் குழுக்கள் அமைந்து, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கூடி, தத்தம் வகுப்பைச் சார்ந்த உயிர்கள் ஒவ்வொன்றையும் மறுபரிசீலனை செய்கின்றன. அளவுகோல்கள் மூன்று: இனப்பெருக்கத்துக்குரிய வயதடைந்தவை எத்தனை, அவை வாழும் பரப்பு எவ்வளவு, குறைவு எவ்வளவு வேகமாக நிகழ்கிறது. முதிர்ந்தவை 250-க்கும் குறைவாக இருந்தாலும், வாழும் பரப்பு ஒரு ஹெக்டேருக்கு மேற்படாமல் இருந்தாலும், மூன்று தலைமுறைக்குள் அல்லது பத்து ஆண்டுக்குள், இவற்றுள் எது நீண்டதோ அதற்குள், நூற்றுக்கு எழுபதுக்கு மேல் குறையும் என்று கண்டாலும், அது ‘தேச அளவில் கவலைக்கிடம்’ என்ற உச்சப் படியில் வைக்கப்படும்.

வெவ்வேறு வழிகளில் வருகிறவையும் இந்தப் படியில் சந்திக்கின்றன. வடதீவின் வடமுனைக்கு அப்பால் த்ரீ கிங்ஸ் தீவில், ஆடுகள் மேய்ந்து தீர்த்த சரிவொன்றில் 1945-இல் பேய்லிஸ் என்ற தாவரவியலறிஞர் கண்டெடுத்த பென்னான்ஷியா மரம், இயற்கையாக முளைத்ததாக இன்றும் ஒன்றே ஒன்றுதான். எண்ணிக்கையே அதனை அங்கே சேர்த்துவிடுகிறது. நீண்ட வால் வௌவாலோ இரு பெருந்தீவுகளிலும் பரவியிருப்பது; ஆயினும் எலிகளுக்கும் ஸ்டோட்டுகளுக்கும் இரையாகி அது தேய்ந்து வருகிற வேகம் அதே படிக்கு அதனை ஏற்றிவிட்டது.

கவலைக்கிடத்துக்குக் கீழே ஆபத்து நிலை, நலிவு நிலை என்று படிகள் இறங்கிச் செல்ல, அவற்றிற்கும் அப்பால் இம்முறையின் நுட்பம் வெளிப்படும் சில வகுப்புகள் உள்ளன. டைனோசர் காலத்து வம்சத்தின் ஏக வாரிசான துவாட்டாரா என்னும் ஊர்வன, பெருந்தீவுகளில் எலிகளால் ஒழிந்து, கரையோரச் சிறு தீவுகளில் மட்டும் தப்பி நின்றது. இன்று குறையவில்லை, ஆனால் இழந்த ராஜ்யமும் திரும்பவில்லை. இத்தகையவற்றை ‘எஞ்சியவை’ என்று தனியே வைத்தார்கள். அதற்கு மாறாக, தெற்கே கடலிடையே கிடக்கும் ஸ்னேர்ஸ் தீவுகளைப் போன்ற இடங்களில் என்றுமே சிறு தொகையாக வாழ்ந்து வந்தவற்றை, அவற்றின் சிறுமையே அவற்றின் இயல்பு என்று உணர்ந்து, ‘இயற்கையிலேயே அரியன’ என்று வேறாக்கினார்கள். தீவுதேசத்துக்கென்று தனி அளவுகோல் ஏன் வேண்டும் என்பதற்கு இவ்விரு வகுப்புகளே போதிய சாட்சி.

வருமுன் காக்கும் எச்சரிக்கையும் இதில் இடம்பெறுகிறது. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் மிர்ட்டில் துருநோய் என்ற பூஞ்சை பெருந்தீவுகளில் முதன்முதலாகக் காணப்பட்டதும், கடற்கரையெங்கும் செம்பூச் சொரியும் பொஹுட்டுகாவா மரத்தையும், தேனுக்குப் பெயர்பெற்ற மானுக்காவையும், அவை இலட்சக்கணக்கில் நின்றபோதிலும், பட்டியலுக்குள் கொண்டுவந்தார்கள். நோய் என்ன செய்யும் என்பது தெரிந்த பின் வரிசைப்படுத்துவது, வரலாறு எழுதுவதாகவே முடியும்.

இறங்குமுகம் மட்டுமே இப்பட்டியலின் கதையன்று. அழிந்ததென்று கைவிடப்பட்டு 1948-இல் மர்ச்சிசன் மலைகளில் மீண்டும் கண்டறியப்பட்ட டாகாஹே பறவை, 2016-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் கவலைக்கிடத்திலிருந்து நலிவு நிலைக்குத் தேறிற்று. 1995-இல் 51 ஆகச் சுருங்கியிருந்த காகாப்போ கிளி, 2022-இல் 250-ஐத் தாண்டியும் இன்னும் முதற்படியை விட்டு அகலவில்லை. வடதீவின் பழுப்பு கிவியோ 2021 மதிப்பீட்டில் ‘அபாயமற்றவை’ என்ற வகுப்பையே அடைந்தது. ஆனால் அதன் பெயரருகே ‘பாதுகாப்பைச் சார்ந்தது’ என்ற குறிப்பு ஒன்று ஒட்டியிருக்கிறது. காவலற்ற காடுகளில் பிறக்கும் கிவிக் குஞ்சுகளுள் இருபதில் ஒன்றே முதிர்ச்சி அடைகிறது என்பதை அறிந்தவர்களுக்கு அக்குறிப்பின் கனம் புரியும்: பொறி வைப்பவர் ஓய்ந்தால் கிவியின் ஸ்தானமும் ஓயாமல் சரியும்.

எல்லாவற்றுக்கும் போதிய பணம் எந்தச் சர்க்காரிடமும் இல்லை. ஆகையால் தேர்வு தவிர்க்க முடியாதது. வெண்கொக்கு அழிந்தால் அத்தேசத்துக்கு நஷ்டம், உலகில் கொக்கு மிஞ்சும். த்ரீ கிங்ஸ் மரம் அழிந்தால் உலகத்துக்கே அது இல்லை. இரண்டும் ஒரே படியில் நிற்கின்றன. முன்னதற்கு ‘வெளிநாடுகளில் நலம்’ என்ற குறிப்பைச் சேர்ப்பதோடு பட்டியல் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. எதற்கு முதலில் செலவிடுவது என்ற முடிவை அது மக்களிடமும் அவர்களுடைய பிரதிநிதிகளிடமும் விட்டுவிடுகிறது. விருப்பங்களை விஞ்ஞானத்தின் எண்களுக்குள் ஒளித்து வைக்காமல், அவற்றை வெளிப்படையாகச் சொல்லி வாதிடும் பொறுப்பை ஒரு சமூகத்தின்மேல் சுமத்துகிற பட்டியலே நேர்மையான பட்டியல்.