பை காத்தது போதும்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்றால் எங்கள் வீட்டில் ஒரே பரபரப்பு. தொப்பி, கையுறை, தடித்த காலுறை, தலைக்கவசம் எல்லாவற்றையும் பைகளில் அடைத்துக்கொண்டு ஐஸ் சறுக்கப் புறப்படுவோம். கனடாவின் ரொறன்ரோ நகரில் மகளின் குடும்பத்தோடு நான் வசிக்கிறேன். மருமகனுக்கு இரவு வேலை. மகளுக்குப் பகல் வேலை. பேரப்பிள்ளைகள் இருவரோடும் நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாக இருக்கக் கிடைப்பது கிழமையில் அந்த ஒரு பொழுதுதான்.

நாங்கள் போவது மாநகரசபை நடத்தும் உள்ளரங்கு. சிமெந்துத் தரைக்குள் பதித்த குழாய்களில் கடுங்குளிரான உப்புக்கரைசலை ஓடவிட்டு, மேலே தண்ணீரை உறைய வைத்திருக்கிறார்கள். இடையிடையே ஒரு வண்டி வந்து, கீறல் விழுந்த மேற்பரப்பைச் சீவிச் சுடுநீர் பரப்பிச் செல்லும். சுடுநீர் பழைய ஐஸைச் சற்று உருக்கி அதனோடு ஒட்டி உறைவதால் தளம் கண்ணாடி போல் ஆகிவிடும். 1949இல் கலிபோர்னியாவில் பிராங் சம்போனி என்பவர் உருவாக்கிய வண்டி இது. இன்றும் சனங்கள் அதைச் 'சம்போனி' என்றே சொல்கிறார்கள்.

இதையெல்லாம் நான் வாங்கில் இருந்தபடியே பார்த்தேன். இரண்டு பனிக்காலம் பைகளுக்கும் தேத்தண்ணீர்ப் போத்தலுக்கும் காவல் இருந்தேன். "எனக்கு ஏன் இந்த வயதில்?" என்பேன். நான் தனியே இருக்கிறேனே என்று மகளும் சறுக்காமல் எனக்குப் பக்கத்தில் இருந்துவிடுவாள்.

ஒருநாள் ஏழு வயதுப் பேத்தி மூச்சு வாங்க ஓடி வந்து கேட்டாள்: "அப்பா விளையாடுறார், தம்பி விளையாடுறான். அம்மாமார் விளையாடக்கூடாதோ, அம்மம்மா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பாடசாலை நாட்களில் வலைப்பந்தாட்ட அணியில் இருந்தவள் நான். திருமணத்தோடு அதை விட்டேன். யாரும் தடுக்கவில்லை, நானாகவே விட்டேன். இப்போது என் மகளையும் வாங்கில் இருத்தி வைத்திருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு விரைவாக அடர்த்தி குறையும். ஆகவே முதலில் வைத்தியரிடம் போனேன். எலும்பைப் பரிசோதித்துவிட்டு, தலைக்கவசத்தோடு ஓரமாகப் பழகச் சொன்னார்.

அடுத்த கிழமை சேலையை விட்டுச் சல்வார் அணிந்து போனேன். சறுக்குச் சப்பாத்து விரலை நெரிக்கக்கூடாது. ஆனால் கணுக்கால் அசையாதபடி கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும். மருமகன் குனிந்திருந்து கட்டிவிட்டார். "மாமி, முழங்காலைக் கொஞ்சம் மடியுங்கோ. பின்பக்கம் சாயாதேங்கோ" என்றார். பின்னால் சாய்ந்தால் தலை அடிபடும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் இன்னும் தாழ்ந்து பக்கவாட்டில் சரிய வேண்டும். கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு முறியலாம். விழுந்த பின் விரல்களை மடக்கிக்கொள்ள வேண்டும். மற்றவர்களின் சப்பாத்து அலகு கூர்மையானது.

பத்து அடி போவதற்குள் விழுந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் எவரும் சிரிக்கவில்லை. அங்கே எல்லோரும் விழுகிறவர்கள்தான். நாலு வயதுப் பேரன் வந்து, "முழங்காலிலை நில்லுங்கோ, பிறகு ஒரு காலை வையுங்கோ" என்று எனக்கு எழும்பப் பழக்கினான்.

ஓரச் சுவரைப் பிடித்தபடி ஒரு சுற்று முடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அதற்குள் என் மகள் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ சுற்றுச் சுற்றிவிட்டாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கண்டு பல வருடம்.

சகோதரிகளே, உங்கள் ஊரில் ஐஸ் தளம் இல்லாமல் இருக்கலாம். கடற்கரை இருக்கும், கோயில் வீதி இருக்கும், பிள்ளைகளின் பந்து ஒன்று முற்றத்தில் கிடக்கும். குடும்பமாகப் போகும் இடத்தில் பை காப்பதை ஒருமுறை விட்டுப் பாருங்கள். எங்கள் பைகள் இப்போது அந்த வாங்கில் தனியேதான் இருக்கின்றன. இன்றுவரை ஒன்றும் தொலையவில்லை.