மரக்கட்டைத் துப்பாக்கியின் சதுரப் பெட்டி

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் கூடும் போலீஸ் பட்டாளத்தில், மரக்கட்டை வைத்த பழைய துப்பாக்கியைப் பார்த்தவர்கள் உண்டு. 'த்ரீ நாட் த்ரீ' என்போம். எல்லாமே அதுவல்ல. மேகசினின், அதாவது தோட்டாப் பெட்டியின், அடிப்பாகம் சரிவாக இருந்தால் 303. சதுரப் பெட்டியாக இருந்தால் இஷாப்பூர் 2ஏ1.

ஏன் இந்த வித்தியாசம்? 303 தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்தி நிற்கும். ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் மாட்டிக்கொண்டால் தோட்டா மேலேறாது. அதனால் பெட்டியைச் சரித்தார்கள். 1962 சீனப் போருக்குப் பின், துருத்தாத விளிம்புள்ள 7.62 மி.மீ. தோட்டாவுக்கேற்ப, 1907-இல் பிரிட்டன் ஏற்ற லீ-என்ஃபீல்டின் வடிவத்தையே கொல்கத்தா பக்கத்து இஷாப்பூர் தொழிற்சாலை திருத்தியது.

சிக்கல் அந்தத் திருத்தத்தில்தான். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டுதான் போல்ட்; லீ-என்ஃபீல்டில் அது பின்பக்கத்தில் பூட்டிக்கொள்ளும். இழுக்கும் தூரம் குறைவு, சட்சட்டென்று சுடலாம். ஆனால் வெடியின் உதையில் போல்ட் நீளவாக்கில் அமுங்கி நெளியும். புதிய தோட்டாவிலோ அழுத்தம் கூடுதல்! எனவே உறுதியான எஃகுக்கு மாறினார்கள்.

குறிபார்க்கும் அளவுகோலையும் 2000 கெஜத்திலிருந்து 800 மீட்டருக்கு இறக்கினார்கள். வெறுங்கண்ணால் 2000 என்பது, என்னைக் கேட்டால், குருட்டு நம்பிக்கைதான்.