தொலைவைவிட நேரமே முக்கியம்: நெடுந்தூர விமானப் பயணமும் உடல்நலமும்

சென்னைக்கும் நியூயார்க்குக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 13,500 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் கணக்கிட்டால் 15 மணி நேரத்தில் சென்றுவிடலாம் என்று தோன்றும். ஆனால், பெரும்பாலோர் இடையில் ஒரு நகரில் இறங்கி வேறு விமானம் ஏறுகின்றனர். துபாய் வழியாகச் சென்றால் முதற்கட்டம் சுமார் 4 மணி நேரம், அடுத்த கட்டம் சுமார் 14 மணி நேரம். காத்திருப்பையும் சேர்த்தால் 20 முதல் 24 மணி நேரம் ஆகிவிடும். பிள்ளைகளைக் காணப் புறப்படும் முதியோர் கணக்கில் கொள்ள வேண்டியது இந்த நேரத்தைத்தான்.

தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்வோருக்குக் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு கூறுகிறது. நலமாக உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவே. அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோயாளிகள், முன்பு இரத்தக்கட்டு ஏற்பட்டவர்கள், கர்ப்பிணிகள், உடற்பருமன் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது கூடுதல். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு முறை எழுந்து நடப்பதும், அமர்ந்தவாறே பாதங்களை மேலும் கீழும் அசைப்பதும், போதிய தண்ணீர் அருந்துவதும் நல்லது. மருத்துவர் கூறாமல் ஆஸ்பிரின் மாத்திரையோ தூக்க மாத்திரையோ உட்கொள்ள வேண்டாம்.

விமானத்தினுள் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலைப்பகுதியில் இருப்பதைப் போன்றது. ஆகவே இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சற்றுக் குறையும். நுரையீரல் நோயோ இதயச் செயலிழப்போ உள்ளவர்கள், பயணச்சீட்டு வாங்கும் முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

இன்சுலின் செலுத்திக்கொள்வோருக்குக் கடிகாரமும் ஒரு சிக்கலாகும். நியூயார்க் நேரம் நம்முடையதைவிட ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம் பின்தங்கியது. அங்குச் செல்லும்போது ஒரு நாள் ஏறத்தாழ 34 மணி நேரமாக நீள்கிறது. திரும்பும்போது 14 மணி நேரமாகச் சுருங்குகிறது. சுருங்கும் நாளில் வழக்கமான அளவுகளை அடுத்தடுத்துச் செலுத்தினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். எனவே புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன், பயணச்சீட்டுடன் மருத்துவரிடம் வாருங்கள். எந்த மணிக்கு எவ்வளவு மருந்து என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துகளையும் மருத்துவச் சீட்டையும் கைப்பையிலேயே வைத்திருங்கள். சரக்கு அறையின் கடுங்குளிரில் இன்சுலின் உறைந்து கெடக்கூடும்.

ஊர் சேர்ந்த பின்னும் சில வாரங்கள் கவனம் தேவை. ஒரு காலில் மட்டும் வீக்கமோ கெண்டைச்சதையில் வலியோ தோன்றினால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால், பயணக் களைப்பு என்று எண்ணிக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவை அணுகுங்கள்.