சிவப்பு எல்.இ.டி. தரும் மின்சாரம்

மாணவர்களே, தெளிவான மூடியுள்ள சிவப்பு எல்.இ.டி. ஒன்றைப் பள்ளி ஆய்வுக்கூட மல்டிமீட்டரில் இணையுங்கள். அளவியை நேர்மின்னோட்டம் 2 வோல்ட்டில் வைத்து, எல்.இ.டி.யின் தலையை நண்பகல் வெயிலுக்குக் காட்டுங்கள். மின்கலம் எதுவும் இல்லாமலேயே எண் 1 வோல்ட்டைத் தாண்டக்கூடும். என் வகுப்பில் இதைச் செய்து காட்டியபோது, "டீச்சர், மீட்டர் கெட்டுப்போச்சு" என்றுதான் முதலில் குரல் வந்தது.

மீட்டர் கெடவில்லை. எல்.இ.டி.யும் சூரியத் தகடும் ஒரே குடும்பம்தான். இரண்டும் குறைகடத்தியால் ஆன டையோடுகள். மின்சாரம் கொடுத்தால் எல்.இ.டி. ஒளி தரும், ஒளி கொடுத்தால் சிறிதளவு மின்சாரம் தரும்.

இனி சோதனையைச் சற்று மாற்றுவோம். இருட்டான பெட்டிக்குள், எரியும் பச்சை எல்.இ.டி.யைச் சிவப்பின் எதிரே வையுங்கள். சிவப்பில் மின்னழுத்தம் தோன்றும். இடம் மாற்றி, சிவப்பு ஒளியைப் பச்சை எல்.இ.டி.யின்மீது பாய்ச்சுங்கள். அநேகமாக ஒன்றும் வராது. இன்னும் நான்கு சிவப்பு விளக்குகளைச் சேர்த்தாலும் அப்படித்தான்.

குறைகடத்தியில் கட்டுண்டு கிடக்கும் எலெக்ட்ரான் விடுபட்டு ஓட, குறிப்பிட்ட அளவு ஆற்றல் வேண்டும். அதுவே ஆற்றல் இடைவெளி. ஒளியோ ஃபோட்டான் என்ற பொட்டலங்களாக வருகிறது. சிவப்புப் பொட்டலத்தில் சுமார் 1.9 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல். பச்சையில் சுமார் 2.3. இரண்டு மீட்டர் மதிலைத் தாண்ட ஒன்றரை மீட்டர் உயரத்துக்குப் பத்து முறை குதித்துப் பயனில்லை அல்லவா?

கூரைத் தகடுகளில் உள்ள சிலிக்கானின் இடைவெளி சுமார் 1.1 மட்டுமே. அதனால் எல்லா நிறங்களையும் அது ஏற்கும். ஆனால் அதை உருக்க 1,414 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். மலிவான மாற்றுப் பொருளை ஆய்வாளர்கள் தேடுவது இதனால்தான். அவற்றுள் ஒன்று டைட்டானியம் டை ஆக்சைடு. சுவருக்குப் பூசும் வெள்ளை வர்ணத்தில் இருப்பதும் இதுவே. அதன் இடைவெளி 3-க்கும் மேல். கண்ணுக்குத் தெரியும் ஒளி எதையும் அது ஏற்பதில்லை. அதனால்தான் அவ்வளவு வெள்ளை! வெயிலில் ஏறக்குறைய 5 விழுக்காடான புறஊதாக் கதிர்தான் அதற்குப் பயன்படும்.

1991-இல் பிரையன் ஓ'ரீகன், மைக்கேல் கிராட்சல் இருவரும் சுவிட்சர்லாந்தில் இதற்கு வழி கண்டார்கள். அந்த வெள்ளைத் துகள்கள்மீது சாயம் ஏற்றினார்கள். சாயம் ஒளியைப் பிடித்து, எலெக்ட்ரானைத் துகளிடம் ஒப்படைத்தது. திறன் சுமார் 7 விழுக்காடு.

லாபிஸிலிருந்து யோங் பெங், ஆயர் ஹீத்தாம் வழியாகப் போனால் பாரிட் ராஜா வரும். அங்குள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்தில் இதே பொருளை நுண்ணிய குச்சிகளாக வளர்த்து ஆராய்கிறார்கள். துகள் விட்டுத் துகள் தாவும் எலெக்ட்ரான் வழியில் தொலைந்துபோகலாம். குச்சியோ நேர்வழி. செம்பனைத் தோட்டத்துச் சந்துகளையும் நெடுஞ்சாலையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தொல்லைகள் தீரவில்லை. இவ்வகைக் கலத்தின் உள்ளே உள்ள திரவம் நம் ஊர் வெப்பத்தில் கசியலாம், வற்றலாம். சாயமும் நாளடைவில் மங்கும். எனவே கூரையில் சிலிக்கானை இது இன்னும் வெல்லவில்லை. அறைக்குள் விளக்கின் மங்கலான ஒளியில் சிறு உணர்கருவிகளை இயக்க நன்றாகவே உதவுகிறது. மங்குஸ்தீன் தோலின் சாயத்தைக்கூட ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். திறன் 1 விழுக்காட்டை ஒட்டியே நின்றது.