செபத்துக்கு அப்புறம் வாசித்த பட்டியல்

நான் படிச்சது சிஸ்டர்கள் நடத்தின ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். காலை அசெம்பிளியில் முதலில் செபம், பிறகு நற்செய்தி வாசகம், திருக்குறள், செய்திகள். எல்லாம் முடிந்ததும் மைக்கில் இன்னொரு வாசிப்பு இருக்கும். கட்டணம் கட்டாதவர்களின் பட்டியல். பெயர் வந்தவர்கள் வரிசையை விட்டு வெளியே வந்து நிற்க வேண்டும். எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை நானும் நின்றிருக்கிறேன். தவக்காலம் என்பதால் அதே வாரத்தில் ஏழைகளுக்கான உண்டியல் வகுப்பு வகுப்பாகச் சுற்றி வந்தது. நானும் ஒரு ரூபாய் போட்டேன்.

அப்போது இது ஒண்ணும் விசித்திரமாத் தெரியலை. செபம் ஒரு வேலை, கட்டணம் இன்னொரு வேலை, அவ்வளவுதான். ரெண்டையும் சேர்த்து வைத்து ஒரு கேள்வி கேட்கலாம் என்பதே ரொம்ப நாள் கழித்து, பேத்ரோ அருப்பே என்பவரைப் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது.

யார் இந்த அருப்பே?

ஸ்பெயின்காரர். 1907ல் பில்பாவ் நகரில் பிறந்தவர். மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர், அதைப் பாதியில் விட்டுவிட்டுச் சேசு சபையில் சேர்ந்தார். ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா நகரின் ஓரத்தில் ஒரு நவதுறவியர் இல்லத்துக்குப் பொறுப்பாளராக இருந்தார். அணுகுண்டு விழுந்ததும், அரைகுறையாகப் படித்த மருத்துவத்தை வைத்துக்கொண்டு, அந்த இல்லத்தையே ஆஸ்பத்திரி ஆக்கினார். மறுநாள் காலை அவர் திருப்பலி நிறைவேற்றிய சிற்றாலயத்தில் காயம்பட்டவர்கள்தான் நிறைந்து கிடந்தார்கள். செபிக்கும் இடமும் சிகிச்சை தரும் இடமும் அன்றைக்கு ஒன்றாக இருந்தன. பின்னால் அவர் பேசியதற்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1965ல் அவர் சேசு சபையின் உலகத் தலைவர் ஆனார். 1973 ஜூலை 31, புனித இஞ்ஞாசியார் திருநாள். ஸ்பெயினின் வலென்சியா நகரில் சேசு சபைப் பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் கூடிய மாநாட்டில் பேசினார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பலரும் வசதியானவர்கள், செல்வாக்கு உள்ளவர்கள். அவர்களிடம் ஒரு கேள்வியைப் போட்டார்: நாங்கள் உங்களை நீதிக்காக வளர்த்தோமா? பதிலையும் அவரே சொன்னார்: இல்லை. பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதுதான் இனி எங்கள் கல்வியின் நோக்கம் என்றார். கேட்டவர்களில் சிலருக்குக் கடும் கோபம். நம்ம ஊரிலும் முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் இப்படிப் பேசினால் என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

தருமமும் நீதியும்

அவர் சொன்னதில் முக்கியமானது ஒரு வேறுபாடு. உண்டியலில் காசு போடுவது தருமம். அது தேவை, நல்லதும்கூட. ஆனால் தருமம் செய்யும்போது கொடுப்பவர் இருந்த இடத்திலேயே இருப்பார், வாங்குபவரும் இருந்த இடத்திலேயே இருப்பார். நீதி என்பது, இவர் ஏன் வாங்கும் இடத்திலேயே நிற்கிறார் என்று கேட்பது. அந்த நிலைமையால் எனக்கு ஏதாவது லாபம் உண்டா என்றும் கேட்பது. ரெண்டாவது கேள்விதான் கசக்கும்.

1974 டிசம்பர் முதல் 1975 மார்ச் வரை நடந்த சேசு சபையின் 32ஆவது பொதுப்பேரவை இதைத் தன் நான்காவது ஆணையில் எழுதியே வைத்தது. விசுவாசத்துக்குப் பணி செய்வதுதான் சபையின் வேலை. அதில் நீதிக்காக உழைப்பது தவிர்க்கவே முடியாத ஒரு பகுதி. அதாவது, 'விருப்பம் இருந்தா செய்யலாம்' என்கிற சமூக சேவைப் பாடவேளை இல்லை.

இதைப் பள்ளியில் எப்படிச் செய்வது? ஒரே பதில் கிடையாது. மெக்சிகோ நகரில் பணக்காரப் பிள்ளைகள் படித்த இன்ஸ்டிட்யூட்டோ பாத்ரியா என்ற பெரிய பள்ளியை 1970களில் சேசு சபையினரே மூடிவிட்டார்கள். அது சரியா என்று விவாதம் எழுந்தது. இன்னொரு வழி அதற்கு முன்பே, 1955ல், வெனிசுவேலாவின் கராக்கஸ் நகரில் தொடங்கியிருந்தது. ஹோசே மரியா வேலாஸ் என்ற குரு சேரிப்பகுதியில் பள்ளி தொடங்க இடம் தேடினார். ஆபிரகாம் ரேயஸ் என்ற கொத்தனார், வருடக்கணக்காகத் தன் கையால் கட்டிய வீட்டைத் திறந்துவிட்டார். அங்கே தொடங்கிய 'ஃபே ஈ அலெக்ரியா' (விசுவாசமும் மகிழ்ச்சியும் என்று பொருள்) இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. தார் ரோடு முடியும் இடத்தில்தான் எங்கள் பள்ளி தொடங்கும் என்பது அவர்கள் கொள்கை.

நம்ம ஊருக்கு வந்தால்

இங்கே கேள்விக்கு இன்னும் ரெண்டு முடிச்சு உண்டு. ஒன்று சாதி. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவத்தைத் தழுவிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. அரசு தராததைத் திருச்சபையாவது தந்ததா? திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை நிலவுகிறது என்பதை இந்திய ஆயர்கள் 2016ல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டார்கள். அதனால் சேர்க்கையில் யாருக்கு இடம், ஆசிரியர் வேலை யாருக்கு என்பதெல்லாம் விசுவாசக் கேள்விகள்தான்.

இன்னொன்று சட்டம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவினருக்குத் தர வேண்டும். சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மை உரிமை தேவையானது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விளைவு என்ன? ஏழைப் பிள்ளைக்கு இடம் கொடுத்தாயா என்று சட்டம் கேட்காத இடத்தில், மனசாட்சி மட்டும்தான் கேட்க முடியும். பல பள்ளிகள் கேட்காமலேயே கொடுக்கின்றன. குறிப்பாகக் கிராமங்களில், கட்டணமே பேசாமல் தலைமுறைகளைப் படிக்க வைத்த அரசு உதவி பெறும் பள்ளிகள் நிறைய. அதை மறைப்பது நியாயமில்லை.

அப்ப செபம் எதுக்கு?

நீதிதான் முக்கியம்னா செபத்தை விட்டுடலாமேன்னு சிலர் கேட்பாங்க. எனக்கு அப்படித் தோணலை. இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த ஆன்ம சோதனை என்ற செபம் இருக்கிறது. ஐந்து படிகள்: நன்றி சொல்வது, தெளிவு கேட்பது, அந்த நாளை மறுபடி ஓட்டிப் பார்ப்பது, தவறுக்கு வருந்துவது, நாளைக்கு என்ன மாற்றுவது என்று தீர்மானிப்பது. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். மூன்றாவது படியை ஒழுங்காகச் செய்யும் ஒரு தலைமையாசிரியருக்கு, அன்று காலை வரிசையை விட்டு வெளியே வந்து நின்ற பிள்ளைகளின் முகம் கட்டாயம் ஞாபகம் வரும். ஐந்தாவது படியில் அந்தப் பட்டியலை மைக்கில் வாசிக்காமல், பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம் என்று தோன்றும்.

என் பள்ளியிலும் அப்படித்தான் முடிந்தது. நான் பத்தாவது போனபோது புதிதாக வந்த ஒரு சிஸ்டர் அந்த வாசிப்பை நிறுத்திவிட்டார். காரணம் எதுவும் சொல்லவில்லை. செபம், வாசகம், குறள், செய்தி, அப்புறம் நேரே வகுப்பு. அன்றைக்கு அசெம்பிளி ஐந்து நிமிடம் முன்னாடியே முடிந்தது.